கடலுக்குப் போன கருவாடு

கீரனூரைத் தாண்டுவதற்குள்ளேயே ரெங்கராஜுக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்துவிட்டது. கார்க் கண்ணாடிகளை எல்லாம் இறக்கிப் பார்த்தான். யூடிகோலன் சென்ட் தெளித்த கைக்குட்டையை மூக்கில் வைத்துப் பார்த்தான். தலையை வெளியே நீட்டி ரோட்டுப் புழுதியைக்கூட விழுங்கிப் பார்த்தான். அந்த நாற்றம் எதற்கும் மசிவதாக இல்லை.

"சாதிக்கு, வண்டியிலே எது செத்துக் கெடக்கு?"

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த ஜெகபர் சாதிக் பதிலுக்கு ஹாரனை அமுக்கினான். ரோட்டில் ஒரு கோழிகூட இல்லை. பதில் சொல்லப் பிடிக்காதபோது அவன் செய்கிற வேலை அது.

"ஒன்னத்தான் கேக்குறேன்."

"டிக்கியிலே ஒரு சாக்கு மூட்டை இருக்கு. கருவாடு."

"யாரைக் கேட்டு ஏத்துனே?"

"நம்ம தர்மகர்த்தா குடுத்தாரு. கோட்டைப்பட்டினந்தானே போறீங்க, அங்க கடக்கரை பங்களாவுல சிவசாமின்னு நம்ம சிநேகிதர் இருக்காரு, பண்ணையாளுக ஆசையாக் குடுத்தனுப்புறது, எறக்கி விட்ருங்கன்னாரு. நமக்குக் கேஸ் குடுத்த மனுசன் கையைக் கும்புட்டுக் கேக்குறப்ப முடியாதுன்னா சொல்றது?"

"நான் உள்ளே மோர் குடிச்சிக்கிட்டு இருந்தப்ப என் முதுகுக்குப் பின்னால இந்தக் காரியம் நடந்திருக்கு."

"முன்னால நடந்திருந்தா நீ விட்டிருப்பியா?"

ரெங்கராஜின் மூக்கு புதுக்கோட்டை வட்டாரத்தில் பிரசித்தம். சமஸ்தானம் இருந்தவரை போலீஸ் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன், சமஸ்தானம் போனபிறகு கீழராஜ வீதியில் துப்பறியும் நிலையம் என்று போர்டு மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். படியேறி வருகிறவன் எந்த ஓட்டலில் சாப்பிட்டு வருகிறான் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடுவான். அதற்குத் தண்டமும் கட்டிக்கொண்டுதான் இருந்தான். பிசுபிசுத்த தம்ளர், ஈரத் துண்டு, ஊசிப்போன சட்னி எதுவும் அவனுக்கு ஆகாது. ஆகாது என்றால் சும்மா இல்லை, அன்றைக்கு முழுக்கச் சோறு இறங்காது.

சாதிக் அவனோடு ஒரே பெஞ்சில் படித்தவன். பக்கத்திலேயே சைக்கிள் கடை. கேஸ் என்று வந்துவிட்டால் கடையைப் பூட்டிவிட்டுத் தன் பழைய ஆஸ்டின் காரோடு வாசலில் வந்து நின்றுவிடுவான். சொந்த ஊர் கோட்டைப்பட்டினம். ஆகவே இந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவனும் அவன்தான். பாதி கேஸ், பாதி பிக்னிக். மத்தியானம் தங்கை ஜெய்னப் வீட்டில், ஆணம் என்று அவர்கள் சொல்கிற இறால் குழம்பும் நெய்ச்சோறும், சாயங்காலம் கடற்காற்று. பிக்னிக் புறப்பட்ட இடத்திலேயே நாறிவிட்டது.

கேஸ் அதைவிட நாற்றம். குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் அம்மன் கோயில் உற்சவ விக்கிரகத்தைக் காணோம். முழங்கை உயரம், பழங்காலத்து வெண்கலம். காவல்காரன் பிச்சைமுத்துவைப் பிடித்துக்கொண்டுபோய் லாக்கப்பில் போட்டு, எங்கேடா சிலை என்று உரித்துக்கொண்டிருந்தார்கள். காலையில் தர்மகர்த்தா ஆண்டியப்பன் வீட்டுக்கு இவர்கள் போனபோது, பிச்சைமுத்துவின் பெண்டாட்டி இருளாயி வாசலுக்கு எதிரே வெயிலில் நின்றிருந்தாள்.

"ஐயா, அவுகளுக்கு இருமுனா ரத்தமா வருதுங்க. இன்னொரு ராத்திரிக்குத் தாங்க மாட்டாக. செலை கெடைச்சாத்தான் விடுவாகளாம்."

"தள்ளி நில்லு, காத்து இங்கிட்டுத்தான் அடிக்குது" என்றார் ஆண்டியப்பன் அவளிடம். அந்தச் சொல் ரெங்கராஜின் காதில் அழுக்காக ஒட்டிக்கொண்டது. அடுத்த நிமிஷமே அவர் குரலில் தேன் ஒழுகியது. உள்ளே வாங்க, உட்காருங்க, மோர் சாப்பிடுங்க. நெற்றி நிறைய விபூதி, கையில் வெள்ளித் தம்ளர். வெங்காயம்கூட நுழையாத வீடு என்று தாமாகவே இரண்டு தரம் சொன்னார்.

"பிச்சைமுத்துவோட மச்சினன் நாகராசு கோட்டைப்பட்டினத்திலே மூட்டை தூக்குறான். சிலை அவன் கைக்குத்தான் போயிருக்கும். தோணி ஏறுறதுக்குள்ள பிடிச்சிடுங்க. உங்க மூக்கைப் பத்தி ஊரெல்லாம் பேசுறாங்களே, அதுக்குத் தப்புமா?"

அந்தப் புகழ்ச்சியோடு மோரையும் ரெங்கராஜ் குடித்துவிட்டுத்தான் வந்தான்.

புதுக்கோட்டையைக் கடந்து அறந்தாங்கி ரோட்டில் மதுவிலக்கு செக்போஸ்ட். சாராயத்துக்காகப் போட்ட மூங்கில் தடுப்பு, இப்போது சிலைக்காகவும் வேலை செய்துகொண்டிருந்தது. பஸ்ஸில் வந்த ஒரு வியாபாரியின் மிளகாய் மூட்டையைத் தரையில் கொட்டித் துழாவிக்கொண்டிருந்த ஹெட் கான்ஸ்டபிள், ஆஸ்டினைப் பார்த்ததும் நிமிர்ந்து சல்யூட் அடித்தார்.

"நம்ம ரெங்கராஜ் சாரா? இருந்தாலும் ஒரு முறைக்கு டிக்கியைப் பாத்துர்றேன் சார்."

பின்பக்கம் நான்கு எட்டு வைத்தவர் ஐந்தாவது எட்டை வைக்கவில்லை. "என்ன சார் இது, பொணம் ஏத்திக்கிட்டுப் போறீங்களா?"

"பொணமா இருந்தா இந்த நாத்தத்துக்கு அதுவே எந்திரிச்சு ஓடியிருக்கும்ங்க" என்றான் சாதிக். "கருவாடு. தொறக்கட்டுமா?"

"போங்க சார், சீக்கிரம் போங்க."

தடுப்பு உயர்ந்தது. சாராய ஊறல் பானைக்குள் தலையை விட்டுப் பார்க்கிற மனிதர் அவர். அவரே மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடியதில் ரெங்கராஜுக்கு மானம் போயிற்று. இத்தனை வருஷமாகத் துவைத்துத் துவைத்துக் கட்டிய வேட்டியின் மரியாதை ஒரு சாக்கு மூட்டையில் போயிற்றே என்று சாதிக்கை முறைத்தான்.

அறந்தாங்கிக்கு அந்தப் பக்கம் டயர் வெடித்தது. ஸ்டெப்னி டிக்கிக்குள்ளே, மூட்டைக்கு அடியில். ரெங்கராஜ் காற்று வரும் திசையைப் பார்த்துப் போய் ஒரு புளியமரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பின்னால் சாதிக் முக்குகிற சத்தம் கேட்டது.

"ஏப்பா, முழுச் சுறாவை உள்ள வச்சுத் தச்சிருக்காகளா? இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

"வாயை மூடிக்கிட்டு டயரை மாத்து."

"மூக்கை மூடணும், வாயை மூடணும், மூச்சு எதுலதான் விடுறது? ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத. நல்ல கருவாடு இப்படி நாறாது. உப்புப் போட்டு வெயில்ல மொறையாக் காஞ்சா அதுக்குன்னு ஒரு வாசம் இருக்கு. இது ஈரத்தோட அழுகுனது. கருவாடு தின்னு பழகாத எவனோ வாங்குன சரக்கு."

"எனக்குக் கருவாட்டுப் பாடம் வேண்டாம்."

எதிரே இரண்டு லாரிகள் வந்தன. தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கிய மூட்டைகள். டிரைவர் சாதிக்கைப் பார்த்துக் கையை ஆட்டிவிட்டுப் போனான். "நம்ம ஊர்க் கருவாட்டு லாரி. மணப்பாறைச் சந்தைக்குப் போகுது. காலையிலேர்ந்து இது நாலாவதோ அஞ்சாவதோ" என்றான் சாதிக். கேட்கிற நிலையில் ரெங்கராஜ் இல்லை. தாகம் தாங்காமல் வழியில் ஒரு கடையில் டீ வாங்கினான். தம்ளரின் விளிம்பில் யாரோ வெற்றிலை போட்ட வாயோடு குடித்த சிவப்பு அப்படியே இருந்தது. டீயை மண்ணில் ஊற்றிவிட்டு வண்டியில் ஏறிக்கொண்டான்.

கோட்டைப்பட்டினம் போய்ச் சேர்ந்தபோது சூரியன் உச்சியைத் தாண்டிவிட்டது. ஜெய்னப் வீட்டுத் தெருவைக் கடக்கும்போது இறால் ஆணத்தின் மணம் வந்ததாகச் சாதிக் சத்தியம் செய்தான். ரெங்கராஜுக்கு எந்த மணமும் வரவில்லை. அவன் மூக்கு அன்றைக்கு ஒரே ஒரு சங்கதியை மட்டும் மோந்துகொண்டிருந்தது.

நாகராசுவைத் தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. கருவாட்டுக் கொட்டகை ஒன்றின் வாசலில் லாரிக்கு லோடு ஏற்றிக்கொண்டிருந்தான். முப்பது வயதுக்காரன், ஒடிசலான உடம்பு. தலையில் மூன்று மூட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அந்தக் கோலத்திலேயே ஓட்டமும் நடையுமாக வந்தவனை ரெங்கராஜ் மறித்தான்.

"நாகராசு நீதானே? புதுக்கோட்டையிலேர்ந்து வாரோம்."

அவன் முகம் வெளுத்தது. ஆனால் ஓடவில்லை. "மச்சான் உசுரோட இருக்காரா சார்?"

"நேத்தே போய்ப் பார்த்திருக்க வேண்டியதுதானே?"

"நேத்துப் பொழுது சாயத்தான் சேதியே வந்துச்சு. இந்த லோடை ஏத்திட்டா, இதே லாரியிலே கூட்டிக்கிட்டுப் போறேன்னு டிரைவர் சொல்லியிருக்காரு. செலையாவது கிலையாவதுங்க. கோயில் வெளக்குல எண்ணெய் கொறைஞ்சாலே எங்க மச்சான் தூங்க மாட்டாரு."

இத்தனை வருஷத்தில் பொய் சொல்கிறவர்களை ரெங்கராஜ் நிறையப் பார்த்திருக்கிறான். இவன் அந்த ஜாதி இல்லை. அப்படியானால் தர்மகர்த்தா கொடுத்த துப்பு வெறும் உமி. அங்கே ஒருவன் ரத்தமாக இருமிக்கொண்டிருக்க, இங்கே இவர்கள் அழுகிய கருவாட்டுக்கு ஊர்வலம் நடத்தி ஒரு பகலை வீணாக்கியாயிற்று. அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"சரி, முதல்ல அந்த மூட்டைகளை எறக்கி வச்சுட்டுப் பேசு. கழுத்து ஒடிஞ்சிடப் போகுது."

நாகராசு சிரித்தான். "இது என்ன கனம் சார்? காஞ்ச சரக்குத்தானே. இன்னும் ரெண்டு வச்சாலும் தாங்கும்."

ரெங்கராஜ் அப்படியே நின்றுவிட்டான். மூக்கிலிருந்த கைக்குட்டை தன்னால் கீழே இறங்கியது.

"சாதிக்கு, டயர் மாத்துறப்ப ஒத்தை மூட்டையைத் தூக்க முடியாம முக்கினியே?"

"இடுப்பு இன்னும் வலிக்குது."

"வழியிலே பாத்த கருவாட்டு லாரியெல்லாம் எந்தப் பக்கம் போச்சு?"

"நம்ம ஊர்ப் பக்கந்தான். பெறகு எங்க போகும்? கடல்லேர்ந்து கரைக்குத்தானே..." சாதிக்கின் வாய் திறந்தபடியே நின்றது. ஹாரன் இருந்திருந்தால் அமுக்கியிருப்பான்.

"இன்னிக்கு இந்த ரோட்டிலே கடலைப் பாத்துப் போன கருவாடு நம்ம டிக்கியிலே இருக்கிறது ஒண்ணுதான்" என்றான் ரெங்கராஜ். "கருவாடு காயுற ஊருக்குக் கருவாட்டைச் சீர் அனுப்புறவன் யாரு? அது எங்கேர்ந்து வருதுன்னே தெரியாதவன். வெங்காயங்கூட நுழையாத வீட்டுக்காரன்."

"நான் இந்த ஊர்லயே பொறந்தவன். எனக்குத் தோணலையே."

"எனக்கும்தான் தோணலை. மூக்கைப் பொத்துறதிலேயே புத்தி போயிடுச்சு."

காரைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சாதிக் கத்தியை எடுத்தான். ரெங்கராஜ் அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டான். தையலை அறுத்ததும் உள்ளேயிருந்து கொழகொழவென்று என்னவோ வழிந்தது. புழுக்கள் நெளிந்தன. சட்டைக் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு, ரெங்கராஜ் கையை உள்ளே விட்டான். சதையும் முள்ளும் விரலிடுக்கில் பிதுங்கின. தொண்டை வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டு இன்னும் உள்ளே துழாவினான். குளிர்ந்த உலோகம் தட்டுப்பட்டது. கோணித்துணியில் சுற்றியிருந்த அம்மனை வெளியே எடுத்து மண்ணில் நிறுத்தினான். கிரீடத்தில் ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது.

நாகராசு தரையில் விழுந்து கும்பிட்டான். சாதிக் டிக்கியைத் திரும்பிப் பார்த்தான்.

"செக்போஸ்ட்டுலே டிக்கியைத் தொறந்திருந்தா?" என்றான்.

"பிச்சைமுத்துக்குப் பக்கத்து ரூம்லே நாம ரெண்டு பேரும். திறக்கலைன்னா சாமான் பங்களாவுக்குப் போயிடும். எப்படிப் போட்டாலும் அவருக்கு லாபம். நாகராசுங்கிற துப்பெல்லாம் நம்மளை இந்தப் பக்கம் கிளப்பிவிடுறதுக்கு. போலீஸ் சல்யூட் அடிக்கிற கார் வேணும், மூட்டைப் பக்கமே திரும்பாத மூக்கு வேணும். ரெண்டையும் ஒரு தம்ளர் மோருக்கு வாங்கிட்டார்."

எத்தனையோ திருடர்களை ரெங்கராஜ் பார்த்தவன். சிலரைப் பார்த்து இரக்கப்பட்டதுகூட உண்டு. தன் கோயில் சாமியை அழுகிய மீனுக்குள் புதைத்துவிட்டு, அதற்காக ஒருவன் அடி வாங்குவதைக் கேட்டுக்கொண்டு, அவன் பெண்டாட்டியைத் தள்ளி நில் என்று சொல்கிற மனுஷனை நினைக்க நினைக்க உடம்பெல்லாம் கூசியது. கையில் ஒட்டியிருந்தது அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

கடற்கரையில் குழவி மாதிரி ஒரு நீளக் கல்லைப் பொறுக்கி, கோணியில் சுற்றி, கருவாட்டுக்கு நடுவே வைத்து மூட்டையைத் திரும்பத் தைத்தார்கள். நாகராசு லாரியில் பின்னால் வருவதாகச் சொன்னான். ஜெய்னப் வீட்டு ஆணம் ஆறிக்கொண்டிருக்க, ஆஸ்டின் வந்த வழியே திரும்பியது.

புதுக்கோட்டையில் இன்ஸ்பெக்டர் அம்மனையும் ரெங்கராஜையும் மாறி மாறிப் பார்த்தார். "சிலை ஒங்க கார்ல இருந்திருக்கு. தர்மகர்த்தா பெரிய மனுஷர். நான் யாரைப் பிடிக்கணும்னு நீங்களே சொல்லுங்க."

"மூட்டையை அந்த ஊர்லே பிரிக்கிறோம். யார் பதறுறாங்களோ அவரைப் பிடிங்க. யாரும் பதறலைன்னா என் கையிலே விலங்கை மாட்டுங்க. நீங்களும் எங்க கார்லயே வாங்க, ஜீப்பைப் பாத்தா ஆள் உஷாராயிடுவார்."

ஊர் எல்லை வந்ததும் இன்ஸ்பெக்டர் பின்சீட்டில் அம்மனைத் துண்டால் மூடி மடியில் வைத்துக்கொண்டு குனிந்து படுத்துக்கொண்டார். அந்த நாற்றத்தில் இன்னும் கொஞ்சம் தூரம் போயிருந்தால் அவரே குற்றத்தை ஒப்புக்கொண்டிருப்பார்.

பொழுது சாயும் நேரம். ஆண்டியப்பன் விபூதியைப் புதிதாகக் குழைத்துப் பூசிக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எதிரே காலையில் நின்ற அதே இடத்தில் இருளாயி நின்றிருந்தாள். சாதிக் மூட்டையை இறக்கி நடுத்தெருவில் தொப்பென்று போட்டான். ஊர் நாய்கள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன.

"என்ன, குடுக்கலையா?" ஆண்டியப்பனின் குரல் லேசாகக் கம்மியது.

"பங்களா பூட்டியிருக்கு" என்றான் ரெங்கராஜ். "நாத்தம் தாங்கலைங்க. திரும்பக் கொண்டாந்தோம். இதை வச்சுக்கிட்டு என்ன பண்றது? நாய்களுக்காவது போடுவோம். சாதிக்கு, பிரி."

"வேண்டாம், வேண்டாம். பண்ணையாளுகளே எடுத்துக்குவானுங்க."

"நீங்க தள்ளி நில்லுங்கய்யா, காத்து ஒங்க பக்கந்தான் அடிக்குது" என்றான் சாதிக். மூட்டையைக் காலால் ஒரு உதை விட்டுப் பார்த்தான். "ரெங்கு, இது கல்லா எறுகிக் கெடக்கு. கையால பிரியாது. அந்தக் கோடாலியை எடு."

விறகுக் குவியலில் கிடந்த கோடாலியை அவனே எடுத்துத் தோளுக்கு மேலே ஓங்கினான். நாய்கள் ஓர் எட்டு பின்வாங்கின. ஆண்டியப்பன் பின்வாங்கவில்லை. வெள்ளை வேட்டியோடு ஓடிவந்து மூட்டைமேல் குப்புற விழுந்து, அதை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டார். சாக்கிலிருந்து ஒழுகிய அழுகல் நீர் விபூதியில் பட்டுக் குழைந்தது.

"வெட்டாதடா பாவி, கிரீடம் போயிரும்."

சாதிக் கோடாலியை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"நான் கடக்கரையிலே பொறந்து வளந்தவன்" என்றான். "கிரீடம் வச்ச கருவாட்டை இன்னைக்குத்தான் கேள்விப்படுறேன்."

கார்க் கதவு திறந்தது. இன்ஸ்பெக்டர் முதலில் ஒரு மூச்சு நல்ல காற்றை இழுத்துக்கொண்டார். பிறகு மடியிலிருந்ததை எடுத்துத் துண்டை விலக்கினார். அம்மனைக் கண்டதும் ஆண்டியப்பனின் கைகள் மூட்டையை விட்டன. ஆனால் எழுந்திருக்கவில்லை, புழு நெளியும் சாக்கின்மேலேயே உட்கார்ந்திருந்தார். இனி இந்த ஆளுக்கு 'அவர்' எதற்கு? உட்கார்ந்திருந்தான்.

"பிச்சைமுத்துவை இப்பவே விடச் சொல்லிச் சீட்டு எழுதித் தாறேன்" என்றார் இன்ஸ்பெக்டர், இருளாயியிடம். "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போகணும். நீயும் வண்டியிலே ஏறும்மா. அந்த பங்களாக்காரனுக்கும் ஆள் அனுப்புறேன். ஜீப் வர்ற வரைக்கும் இவனைப் பிடிச்சுக்கிட்டு நான் இங்கேயே இருக்கேன்."

இருளாயி உடனே ஏறவில்லை. ஓடிப்போய் ஒரு குடம் தண்ணீர் கொண்டுவந்தாள். "கையை நீட்டுங்கய்யா" என்று ரெங்கராஜின் இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் ஊற்றினாள். ஊற்றிய வேகத்தில் பாதித் தண்ணீர் அவன் வேட்டியில் விழுந்தது. அவனுக்கு அது அருவருப்பாக இல்லை.

பக்கத்தில் ஆண்டியப்பனும் தன்னையறியாமல் இரண்டு கைகளையும் நீட்டினான். விரல்களிலிருந்து அழுகல் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. இருளாயி அந்தக் கைகளைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு நாலு எட்டு நடந்து, குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு வேப்பங்கன்றின் தூரில் ஊற்றிவிட்டு வந்து காரில் ஏறிக்கொண்டாள்.

கீரனூர் விளக்குகள் தெரிந்தன. ரெங்கராஜ் ஜன்னல் பக்கம் தலையை நீட்டி இரண்டு தரம் காறித் துப்பினான்.

"மூட்டையைத்தான் அங்கேயே போட்டுட்டு வந்துட்டோமே" என்றான் சாதிக். "இன்னுமா நாறுது?"

"கருவாடு போயிடுச்சு. காலையிலே அந்த வீட்டு மோரைக் குடிச்சேன் பாரு, அதுதான் இன்னும் குமட்டுது."